பின்கூடத்தைக் கேட்ட காகிதம்

எனக்கு எழுபத்துநாலு வயதாகிறது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறில் ஒன்றுகூட ஒரு நாள் பசியோடு படுத்ததில்லை. இதைப் பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்குத் தமிழ் எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். பர்மிய எழுத்து சுத்தமாகத் தெரியாது. அந்த மொழியில் பேசுவேன், பேரம் பேசுவேன், சண்டை போட்டால் ஜெயித்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் அந்த வட்டவட்டமான எழுத்துக்கு முன்னால் நான் குருடி. குருடி என்று தெரிந்தால் ரங்கூனில் ஆளுக்கு ஆள் வழி காட்ட வருவார்கள், அதுவும் தங்களுக்கு வசதியான வழியை.

அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். காகிதம் எது வந்தாலும் இரண்டு பேரிடம் தனித்தனியாக வாசிக்கச் சொல்வேன். அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அதற்கென்றே அமைந்தது போல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டீக்கடை பாய், நம் தமிழ் முஸ்லிம். இன்னொருத்தி எதிரே குன்யா, அதாவது வெற்றிலைச் சுருள், விற்கும் பர்மாக்காரி. பாய் வடிகட்டிய தேயிலைச் சக்கையைச் சாக்கடையில் கொட்டப்போய், அது அவள் கடை வாசலில் அடைத்துக்கொண்டு, பல வருஷமாக இருவரும் முகம் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் ஒன்றையே வாசித்தால் அது உண்மை. ரேஷன் காகிதத்திலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் அந்த முறை என்னைக் கைவிட்டதில்லை.

எண்பத்தெட்டுக் கலவரம் முடிந்து பத்து வருஷம் போல ஆகியிருக்கும். தாமுவேயில் எங்கள் கோயில் மதிலை ஒட்டி ஒரு காலி மனை. அங்கே நாங்கள் ஆறு பெண்கள் குப்பை பிரித்தோம். தள்ளுவண்டிக்காரர்கள் தெருத்தெருவாகக் கூவி வாங்கி வரும் போத்தல், பழைய பேப்பர், தகரம், பிளாஸ்டிக் எல்லாம் எங்கள் முன்னால் வந்து விழும். போத்தலைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுவோம், பேப்பரை அடுக்கிக் கட்டுவோம், சாயங்காலம் வியாபாரியின் லாரி வந்து ஏற்றிப் போகும். கூலி எடைக்குத்தான். ரங்கூன் மழை உங்களுக்குத் தெரியாததா? தலைக்கு மேலே ஒரு தார்ப்பாய், அதிலும் ஓட்டை.

எனக்கு எதிரே உட்கார்ந்து பிரித்தவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. புருஷன் இழுப்பு வந்து கட்டிலோடு கிடந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அவன் இருமினால் எனக்குத் தூக்கம் கலையும்.

ஒரு நாள் மழை விட்ட நேரத்தில் லூஜி வந்தார். லூஜி என்றால் வார்டுத் தலைவர். பின்னால் குமாஸ்தா குடையும் காகிதக் கட்டுமாக நின்றான்.

"அடோ, உங்களுக்கெல்லாம் நல்ல காலம் பொறந்துடுச்சு" என்றார் லூஜி, பர்மிய மொழியில். அடோ என்றால் அத்தை. காரியம் ஆக வேண்டிய நாளில்தான் அந்த மரியாதை வரும். "குப்பையைப் பிரிச்சு வாங்கணும்னு நகராட்சி புதுசா திட்டம் போட்டிருக்கு. நீங்க இனிமே நிரந்தர வேலைக்காரங்க. கையுறை உண்டு. தண்ணிக் குழாய் உண்டு. தலைக்கு மேல கூரை உண்டு. ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்."

"கூரையை எங்கே போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மழை விழாத இடத்துல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த இடம் எதுன்னு கேக்குறேன்."

"கைநாட்டு வைக்கிற கைக்கு இவ்வளவு கேள்வியா, அடோ?"

மறுபடியும் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரியும் சிரித்தாள். நான் கட்டைவிரலை நீட்டினேன். குமாஸ்தா மையில் அழுத்தி மூன்று தடவை வைத்துப் பார்த்தான். கறுப்பாக ஒரு திட்டு விழுந்ததே தவிர ரேகை விழவில்லை.

"உங்க விரல்ல கோடே இல்லியே."

"சோடாத் தண்ணி தின்னுடுச்சு. கையுறை கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்" என்றேன்.

மற்றவர்களுக்கும் அதே கதிதான். நகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி சனிக்கிழமை வருகிறார், அதுவரைக்கும் விரலுக்கு எண்ணெய் தடவுங்கள், அவர் எதிரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று லூஜி எழுந்தார். நான் விடவில்லை. அந்தக் காகிதத்தில் ஒன்றைக் கொடுங்கள், சாமி முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும் என்றேன். குமாஸ்தா தயங்கினான். லூஜிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "குடுடா, பக்தியுள்ள பொம்பளை" என்றார்.

பக்தியோடு நேரே டீக்கடைக்குப் போனேன்.

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். வேலை நிரந்தரம், சரி. கையுறை, சரி. குழாய், சரி. பிறகு விரல் நின்றது.

"ஆத்தா, உங்க கோயில் பின்கூடம் இருக்குல்ல? அதைக் குப்பைக் கொட்டகையாக்க வார்டுக்குக் குடுக்குறீங்களாம். வேலை செய்யிறவங்களும் ஊர்க்காரங்களும் மனசார சம்மதிச்சு."

"நான் எப்ப சம்மதிச்சேன்?"

"சனிக்கிழமை" என்றார் பாய்.

அந்தப் பின்கூடத்தில்தான் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. வெளியே 'சமய வகுப்பு' என்றுதான் பலகை. தமிழ் வகுப்பு என்று எழுதினால் அனுமதி எங்கே, யார் கொடுத்தது, பாடப்புத்தகத்தைக் காட்டு என்று வருவார்கள். வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் எட்டு. எட்டில் ஒன்று என் பேத்தி. என் பிள்ளைகள் ஆறு பேரும் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. அவர்கள் படிக்கிற வயதில் எங்களுக்கு அப்படி ஒரு கூடம் இல்லை. இவளாவது படிக்கட்டும் என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விட்டேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனேன். குன்யாக்காரி சுண்ணாம்புக் கையைத் துடைத்துவிட்டு வாசித்தாள். நிரந்தர வேலை, கையுறை, குழாய், கூரை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நல்ல காகிதம் அடோ, கைநாட்டு வைங்க."

முதல் தடவையாக இரண்டு பேரும் இரண்டு விதமாக வாசித்தார்கள். குன்யாக்காரியின் அக்கா மகன்தான் அந்தக் குமாஸ்தா. அதனால் மறைத்தாளா? இல்லை, பாய்க்கு வார்டு ஆபீஸ்மேல் ஏதாவது பழைய வஞ்சம் இருந்து, இல்லாததைச் சேர்த்து வாசித்தாரா? அன்றைக்கு எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தெரியாத எழுத்தை நானே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதத்தின் அடியில், அத்தனை வட்டங்களுக்கும் நடுவில், மூலை உள்ள எழுத்து ஒன்று கண்ணில் பட்டது. தமிழ். கூட்டிக் கூட்டிப் படித்தேன். அது கோயில் தர்மகர்த்தாவின் கையெழுத்து. அர்ச்சனைச் சீட்டில் மாதாமாதம் பார்க்கிற அதே கிறுக்கல்.

பாய் பொய் சொல்லவில்லை. கோயில் பெரியவர் எதற்குக் குப்பைக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்? நான் லூஜியையே கண்காணித்துக்கொண்டிருந்தேன். நம் ஆள் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பஸ் பிடித்து லான்மடாவுக்குப் போனேன். அங்கே அவருக்குப் பலசரக்குக் கடை. காகிதத்தை மிளகாய் மூட்டைமேல் விரித்து வைத்தேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ஆத்தா, எட்டுப் புள்ளைங்க வருது. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பினா எட்டும் பர்மா பாஷையிலதான் பேசுது."

"அதுல ஒன்னு என் பேத்தி."

"உங்க பேத்திக்குத் தமிழ் சோறு போடுமா?"

"சோறு நான் போடுறேன். தமிழுக்கு இடம்தான் கேக்குறேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லூஜி கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு வந்து, சமய வகுப்புல என்னா சொல்லிக் குடுக்குறீங்கன்னு நின்னா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

அந்தப் பயம் பொய்யில்லை. எனக்கும் அது தெரியும். "நீங்கதான் குடுத்துட்டீங்களே, அப்புறம் எங்க கைநாட்டு எதுக்கு?" என்று கேட்டேன்.

"நான் மட்டும் குடுத்ததா இருக்கக்கூடாதுல்ல" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த போத்தலை அவள் கீழே வைக்கவில்லை.

"நிரந்தர வேலைன்னு எழுதியிருக்கா, இல்லியா?"

"எழுதியிருக்கு."

"ரெண்டு பேரும் அப்படித்தான் வாசிச்சாங்களா?"

"அதை ரெண்டு பேரும் வாசிச்சாங்க."

"அப்புறம் என்னக்கா? கூடம் போனா வாத்தியார் வேற கூடம் பாப்பாரு. மருந்துக்குக் காசில்லாம இவர் போயிட்டா எனக்கு வேற புருஷன் பாக்க முடியுமா? வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க."

நான் அடுத்த போத்தலை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

சனிக்கிழமை வார்டு ஆபீசில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெண் அதிகாரி, லூஜி, குமாஸ்தா, மூலையில் தர்மகர்த்தா, நாங்கள் ஆறு பேர். குமாஸ்தா எழுந்து காகிதத்தை உரக்க வாசித்தான். கூரை வரைக்கும் வந்தான், பின்கூடத்தைத் தாண்டிக் குதித்து முடிவுக்குப் போய்விட்டான். லூஜி மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"சயாமா" என்றேன், அதிகாரியைப் பார்த்து. அங்கே படித்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். "எனக்குக் காது மந்தம். நீங்க ஒருவாட்டி வாசிச்சா நல்லது."

லூஜி, "அதான் வாசிச்சாச்சே" என்றார். ஆனால் அந்த அம்மாள் காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டார். நிதானமாக வாசித்தார். பின்கூடம் வந்ததும் நிறுத்தி, குமாஸ்தாவைப் பார்த்தார்.

"இந்த வரி நீ வாசிக்கலியே."

"முக்கியமில்லாத வரி, சயாமா" என்றார் லூஜி.

"முக்கியமில்லாட்டி எடுத்துடுங்க" என்றேன் லூஜியிடம். "மீதிக்கு இப்பவே கைநாட்டு வைக்கிறோம். கொட்டகையை நாங்க உக்காந்திருக்கிற காலி மனையிலயே போடுங்க. போன திருவிழாவுல எங்க மாலையைப் போட்டுக்கிட்டு, எல்லாச் சனத்தோட மொழியையும் காப்பாத்துவோம்னு மைக்குல சொன்னீங்க. மாலை காயிறதுக்குள்ள கூடத்தைக் கேக்குறீங்க."

மொழி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததுமே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அதிகாரி கேட்டார்: "அந்தக் கூடத்துல என்ன நடக்குது?"

தர்மகர்த்தா தரையைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பு அன்றோடு போச்சு.

"புள்ளைங்க சாமி பாட்டு படிக்குதுங்க" என்றார் அவர்.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா, நம்பாமலே விட்டாரா, அது எனக்குத் தெரியாது. காகிதக் கட்டை முழுதாக எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணெய் தடவிய விரல் நீட்டியபடியே இருந்தது.

விசாரணை வரவில்லை. கையுறை வரவில்லை, குழாய் வரவில்லை. திட்டம் வேறு வார்டுக்குப் போய்விட்டது என்றார்கள். மழை முடிந்ததும் காலி மனையைச் சுற்றி வேலி விழுந்தது. பிறகு அங்கே இரண்டு மாடிக் கடை எழும்பியது. யாருடையது என்று நான் சொல்லமாட்டேன், எங்கள் வார்டில் தெரியாதவர் இல்லை. எங்களை எங்கேயாவது ஒதுக்கினால்தான் அந்த மனை காலியாகும் என்பதற்காகப் பின்கூடத்தைக் கேட்டார்களோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் தெரு ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தோம்.

வகுப்பு மட்டும் நடந்தது. பிள்ளைகள் ஒரு வருஷம் ஐந்தாகக் குறைந்தார்கள், இன்னொரு வருஷம் பதினொன்று ஆனார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கும், அவள் குரல் கேட்காது. பிறகு ஷ்வேப்யிதாவில் துணி ஃபாக்டரியில் நூல் வெட்டுகிற வேலை கிடைத்து, புருஷனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவன் செத்த செய்தியை பாய்தான் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். ஃபாக்டரியில் கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

"உங்க பேத்தி தமிழ் வாசிக்கிறாளா?"

"வாசிக்கிறா."

"அப்ப சரி" என்றாள்.

அந்தச் சரியில் என்ன இருந்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். குத்திக் காட்டினாளா, விட்டுக் கொடுத்தாளா? அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் எனக்குப் படிக்க வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

போதும்மா, பேனாவைக் கீழே வை. முதல் வரியிலிருந்து ஒருவாட்டி வாசித்துக் காட்டு. எனக்காகப் பக்கத்து வீட்டுக்காரியை எங்கேயும் கெட்டவளாக எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு வாசி.