தெர்மாகோல் மலையில ஒரு ரெய்டு

சூடான பிளேடால தெர்மாகோல வெட்டினா ஒரு கருகின வாசனை வரும்... அதோட பச்சை பெயிண்ட், பசை வாசனை. ஸ்டீபன் வீட்டு ஹால்ல எங்க ஞாயித்துக்கிழமை அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ராஜகீழ்ப்பாக்கத்துல வீடு. நாங்க ரெண்டு பேரும் சிறுசேரில ஒரு ஐ.டி. கம்பெனில ஒரே டீம், வேலைக்குச் சேந்த புதுசு. அவன் சர்ச்லேர்ந்து வந்ததும் டைனிங் டேபிள் மேல போர் நடக்கும். தெர்மாகோல் மலை, அட்டைல வெட்டின சிப்பாய்ங்க, டைஸ்.

அன்னிக்கு ஸ்டீபன் யோசிச்ச கேம் இதான்... மலைக்குப் பின்னாடி எதிரியோட மோர்ட்டார் பீரங்கி மூணு. குண்டு மலையத் தாண்டி வந்து நம்ம கேம்ப் மேல விழுது. ஒரு சின்ன டீம் ஏறிப் போய் அத ஒடைச்சுட்டு திரும்பி வரணும்.

அவன் அண்ணன் டேனியல் ஆர்மில இருந்தார். லீவுல வந்திருந்தார். "நானும் ஆடறேன்"னு அவராவே வந்து உக்காந்தார். எங்களுக்கு ஒரே குஷி... நெஜ சோல்ஜரே ஆடறாரே!

பொறுமையா ஏறினார். மூணு மோர்ட்டாரும் காலி. எறங்கும்போது, எதிரி சைடுல ஆடின எனக்கு டைஸ்ல ஆறு விழுந்துது. அவர் ஆளு ஒருத்தனுக்கு அடி. அந்த அட்டைய எடுத்து டப்பால போட்டேன்.

"என்னப்பா பண்ற?"

"அடிபட்டா எடுத்துடணும்ண்ணா. ரூல் அது."

"அடிதான பட்டிருக்கு... அவன யாரு தூக்கிட்டு வர்றது?"

டப்பாலேர்ந்து எடுத்து மறுபடி மலை மேல வெச்சார். பக்கத்துல ரெண்டு பேர நிறுத்தினார். தூக்கிட்டு நடந்தா மெதுவாதான வர முடியும்... அடுத்தடுத்து அடி. ஒருத்தர் கூட கீழ வந்து சேரல.

ஸ்டீபன் சிரிச்சான். "அவன விட்டுட்டு வந்திருந்தா ஜெயிச்சிருப்பண்ணா!"

"விட்டுட்டுதான்டா வந்தோம்."

டேனியல் அண்ணா அந்த அட்டையக் கையில எடுத்துகிட்டார்.

"கூப்ட்டுகிட்டே இருந்தான்... மத்தவங்கள எறக்கியாகணும். நான்தான் கெளம்பச் சொன்னேன். திரும்பிப் போனப்போ பாடிதான் கெடச்சுது."

கிச்சன்லேர்ந்து அவங்க அம்மா, "சாப்பாடு ரெடி, டேபிள க்ளியர் பண்ணுங்கப்பா"ன்னாங்க. யாரும் எழுந்திருக்கல. கூடப்பொறந்த ஸ்டீபனுக்கே அப்பதான் தெரியும். அண்ணன் கையப் புடிச்சுகிட்டு அப்படியே உக்காந்திருந்தான்.

அதுக்கப்புறம் நாங்க ஆடவே இல்ல.

ஸ்டீபன் இப்போ வெளிநாட்டுல. எப்பவாவது ஒரு வீடியோ கால், அவ்வளவுதான். டேனியல் அண்ணா ஆர்மிய விட்டு வந்து படப்பைல ஒரு குடோன்ல சூப்பர்வைசரா இருக்கார். போன மாசம் பாக்கப் போனேன். டீக்கடைல நின்னுகிட்டு அவரா சொன்னார்... விட்டுட்டு வந்த அந்தப் பையனோட அம்மாவ வருஷா வருஷம் போய்ப் பாக்கறாராம்.

"எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. என் புள்ள ரொம்ப கஷ்டப்பட்டானாப்பான்னு."

"நீங்க என்னண்ணா சொல்வீங்க?"

"இல்லம்மா... உடனே போய்ட்டான்னு."

அந்த வயசுல கேட்டிருந்தா, பெத்தவங்ககிட்ட உண்மையச் சொல்றதுதானே நியாயம்னு அவரோட மல்லுக்கு நின்னிருப்பேன். இப்போ இன்னொரு டீ சொல்லிட்டு, அவரு குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்.