உதறிக் கொடுத்த பேட்கள்

கடை திறந்த முதல் நாளே என் வீட்டுக்காரர் டேவிட்டை அடித்துவிடலாமா என்று யோசித்தவள் நான். பக்கெட்டால் அடிப்பதா, பாலிஷ் மெஷினால் அடிப்பதா என்பதில்தான் குழப்பம். மெஷின் புதிது, விலை ஜாஸ்தி. அதனால் அவர் தப்பித்தார்.

அதற்கு முன்பு வைட்ஃபீல்டில், பழைய காரைப் பாலிஷ் போட்டுப் புதிதாக்கும் ஒரு டீடெய்லிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயிலில் போய், ரயிலில் வருவேன். முதலாளியோடு ஒரு நாள் வாய்த்தகராறு முற்றி, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்த வேகத்தில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ஷெட் பிடித்துக் கடை போட்டோம். முதல் வண்டி ஞானராஜ் அங்கிளுடையது. ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எங்களுக்குப் பக்கத்து லைன் வீட்டுக்காரர். கறுப்புக் கார். வருஷக்கணக்கில் வெயில் பட்டு மங்கிப்போயிருந்தது. அன்று சாயங்காலம் அவருடைய ஒரே மகள் ரூத்துக்குக் கல்யாணம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். பெயிண்ட் மேல் படுவது மெஷினா? அதன் நுனியில் ஒட்டுகிற வட்டமான ஃபோம் பேட்தான். கையால் தடவினால் வெறும் ஸ்பாஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் கெட்டியான கட்டிங் பேட் கீறலை எடுக்கும், மெத்தென்ற ஃபினிஷிங் பேட் பளபளப்பைக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவ வேண்டும். துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தால் கிழியும். ஃபோம் கீழே, மெஷினில் ஒட்டும் வெல்க்ரோ மேலே இருக்கும்படி நிழலில் வைத்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்த பசைப் பக்கம் போகாமல் வடிந்துவிடும். நானும் முந்தின நாள் ஒரு பழைய கார் கதவில் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, பேடையெல்லாம் அப்படித்தான் கழுவி, ஷெட்டுக்குள் ஒரு ஜல்லடை மேல் அடுக்கி வைத்துவிட்டுப் போனேன்.

காலையில் வந்து பானெட்டை முடித்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் அருமையாகத் தெரிந்தது. பானெட், கதவு என்று ஒரு பேனல் முடிந்ததும் வண்டியை வெயிலுக்கு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். இழுத்தேன். பானெட் முழுக்க வட்ட வட்டமாகப் பொடிக் கீறல், சிலந்தி ஓடி ஓடிப் பின்னிய மாதிரி. பேடைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினேன். கட்டைவிரலில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. தேய்த்தேன், நறநறவென்றது.

"இன்னாங்க, இந்தப் பேடெல்லாம் எங்க காய வச்சீங்க?" என்று டேவிட்டைக் கேட்டேன்.

"வெளிய கொடிலதான். உள்ள ஈரமாவே கெடந்துச்சு. காலைல நீ கஷ்டப்படுவியேன்னு கிளிப்பு போட்டுத் தொங்க வுட்டேன்."

"காத்து அடிச்சுதா?"

"அடிச்சுது. அதுக்கு இன்னா? ரெண்டு தட்டு தட்டி, நல்லா உதறித்தானே குடுத்தேன்!"

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சுரங்கத்திலிருந்து வந்த கல்லை அரைத்துத் தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறது. சயனைட் மண் என்போம். காற்றுக் காலத்தில் அது கிளம்பி வந்து கொடியில், கட்டிலில், சில நாள் சோற்றிலும் உட்காரும். நாங்கள் அதை அழுக்கென்றே நினைப்பதில்லை. சட்டையை எடுத்தால் ஓர் உதறு, போர்வையை விரித்தால் ஓர் உதறு. கல்யாண மாப்பிள்ளைகூடக் கோட்டை உதறிவிட்டுத்தான் போடுவான். சட்டை உதறினால் சரியாகும். ஃபோமில் எத்தனை ஓட்டை! தட்டத் தட்ட அந்த மண் உள்ளேதான் போகும். டேவிட் பாசமாகத் தட்டியிருக்கிறார், ஒவ்வொரு பேடையும்.

மறுபடி கழுவினேன், பிழிந்தேன், குழாயடியில் பிடித்தேன். நறநறப்பு போகவில்லை. அந்த நேரம் பார்த்து ஞானராஜ் அங்கிள் வந்தார். பானெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா சில்வியா, பொண்ணு தலைல போடற நெட்டக் கொண்டாந்து கார் மேல போட்டுக்கீறியே!"

டேவிட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, ஆனால் அழுகையும் கூடவே வந்தது. அங்கிள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மாப்ள வூட்ல புது வெள்ளக் கார் அனுப்பறேன்னாங்க. நான்தான், எம் பொண்ணு எங்கார்லதான் சர்ச்சுக்கு வரும்னு ஜம்பமா சொல்லிட்டேன். முடியலன்னா சொல்லிடும்மா. எப்படியும் மூணு மணிக்கு அந்த வண்டி வந்துடும், அதுலயே அனுப்பிடறேன்."

"முடியும் அங்கிள்," என்றேன். எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது.

வேறு பேட் கிடைக்க ஒரே வழி, வைட்ஃபீல்டு பழைய முதலாளி. போன் போட்டேன்.

"யாரு, சில்வியாவா? இனிமே உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனியே?"

"போன்ல மூஞ்சி தெரியாது பாஸ்."

அந்தப் பக்கம் குபீரென்று சிரித்தார். பேட் கெட்ட கதையைச் சொன்னேன். "கட்டிங் ரெண்டு, ஃபினிஷிங் ரெண்டு, போதுமா? யாரை அனுப்பறே?"

டேவிட்டின் நண்பர் போஸ்கோ வைட்ஃபீல்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் போய் வாங்கிக்கொண்டார். "ஏறிட்டேன்" என்று போனும் செய்தார். நான் சாம்பியன் ஸ்டேஷனில் போய் நின்றேன். ரயில் வந்தது. தெரிந்த முகமெல்லாம் இறங்கியது, போஸ்கோவைத் தவிர. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. ரயில் நகர்ந்துவிட்டது.

நல்லவேளை, அடுத்த ஸ்டேஷன் மாரிக்குப்பம், அதோடு ரயில் பாதையே முடிந்துவிடும். டேவிட் ஸ்கூட்டரில் பறந்தார். காலிப் பெட்டியில் போஸ்கோ நீட்டிப் படுத்திருந்தாராம், என் பேட் பொட்டலத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு.

"டேய் போஸ்கோ!"

"சாம்பியன் வந்துடுச்சா?"

"சாம்பியன்லாம் தாண்டியாச்சுடா. இன்னும் கொஞ்சம் தூங்குனா மறுபடி வைட்ஃபீல்டுக்கே பூடுவே, எழுந்திரு!"

"இன்னா மெத்துன்னு கீது தெரியுமா," என்றாராம் போஸ்கோ, பொட்டலத்தை விட மனசில்லாமல். அவர் தலையில் வழிந்த தேங்காய் எண்ணெயை நினைத்து நான் பதறினேன். பாஸ் ஒவ்வொரு பேடையும் ஜிப் கவரில் போட்டு மூடி அனுப்பியிருந்தார். ஒரு சொட்டு எண்ணெய் உள்ளே போகவில்லை. அந்த மனுஷனுக்கு அப்போது மனசாரக் கும்பிடு போட்டேன்.

பிறகு நான் யாரோடும் பேசவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து, கட்டிங் பேடில் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் க்ரீமைச் சொட்டுச் சொட்டாக வைத்து, மெஷினைப் பெயிண்டில் வைத்த பிறகே ஆன் செய்தேன். வைக்காமல் ஆன் செய்தால் க்ரீம் சுவரெல்லாம் தெறிக்கும். மெதுவான ஸ்பீடில் பரப்பி, பிறகு ஏற்றினேன். ஒவ்வொரு பேனலுக்கும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்தேன். சூடு ஏறினால் இன்னொன்றை மாற்றினேன். அவசரமென்று ஒரே பேடைப் போட்டு அழுத்தினால் பசை விட்டு, பேட் தட்டு மாதிரிப் பறக்கும். பானெட் பளிச்சென்று வந்தது, கதவுகள் வந்தன. டிக்கிக்கு நேரமில்லை. டேவிட்டைக் கூப்பிட்டு, கிடைக்கிற பூவையெல்லாம் அங்கே கட்டச் சொன்னேன். பாவம், டிக்கியே தெரியாமல் கட்டினார்.

வெள்ளைக் கார் சொன்ன நேரத்துக்கு அங்கிள் வீட்டு வாசலில் வந்து நின்றது. எங்கள் கறுப்புக் காரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். ரூத் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவருகே குனிந்தாள்.

"அப்பா, இங்க வந்து பாரேன், என் கம்மல்கூடத் தெரியுதுப்பா!"

வெள்ளைக் காரில் சர்ச்சில் பாடும் கொயர் பெண்களை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நானும் டேவிட்டும் கைகொட்டிச் சிரித்தோம். போஸ்கோ தூங்கிவிட்டார்.

இன்று என் கடையில் பேட் எதுவும் மூடி போட்ட டப்பாவை விட்டு வெளியே தூங்காது. காய்வதும் கடைக்குள்ளே, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான். எடுத்ததும் வெயிலில் ஓர் அமுக்கு அமுக்கி, விரலில் தேய்த்துப் பார்க்காமல் பெயிண்டில் வைக்க மாட்டேன். ஊரில் எது பழகிப்போய்க் கண்ணுக்கே தெரியாமல் இருக்கிறதோ, அதுதான் வேலையைக் கெடுக்கும். நான் கற்றது அதுதான். நீங்கள் வேறு ஊராக இருந்தால், உங்கள் ஊர்த் தூசி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அன்று புரியவில்லை. அங்கிள் வீட்டிலிருந்து சர்ச் கூப்பிடு தூரம். ஆனால் கார் வந்துசேரவே இல்லை. பாஸ்டர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார், மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. கொயர் பெண்கள் பாடின பாட்டையே திரும்பப் பாடினார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் கார் ஊர்ந்து வந்தது.

மறுநாள் கேக் கொண்டுவந்தவரைப் பிடித்துக் கேட்டேன். "அங்கிள், எங்கதான் போனீங்க?"

"ஊரிகம் பக்கம் ஒரு சுத்து, ஸ்கெலட்டன் பக்கம் ஒரு சுத்து. அவ்ளோ பளபளன்னு பண்ணிக் குடுத்துக்கீறே, நாலு பேர் பாக்க வேணாமா?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டே கேக் டப்பாவை மேஜையில் வைத்தார்.

"சர்ச்சு வாசல்ல நிறுத்துனா, எம் பாப்பா எறங்கிப் பூடும் இல்லம்மா," என்றார்.