ஜெ வீட்டில் ஒரு மெ

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஏற்றித் தருவது என் தொழில். பெயரை யோசித்துத் தருவதும் என் தொழில்தான் என்று ஊரார் முடிவு கட்டிப் பல வருஷமாகிறது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும் தூரத்தில் என் ஆன்லைன் மையம். ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் உண்டு. ஆனால் என்னைப் போலவே கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களிடம் நான் சொல்ல நினைப்பது பெயர் ஏற்ற வருகிறவர்களைப் பற்றித்தான்.

இங்கே பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்துவிட்டு, பெயரைப் பிறகு சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் மாற்றுவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். அதனால் எல்லோரும் பயந்துகொண்டேதான் வருவார்கள். இப்போது அந்தப் பயத்தோடு ஒரு ஆசையும் சேர்ந்திருக்கிறது. குழந்தையின் பெயரும் அதன் பின்னால் வருகிற அப்பா பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டுமாம். ஏன் என்று எல்லோரையும் கேட்பேன். அடுத்தவர் விஷயத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வெங்கடேசனின் வ

ஸ்ரீவராகம் தெருவிலிருந்து வெங்கடேசன் என்று ஒரு பாங்க் ஊழியர், மனைவியோடு வந்தார். பெண் குழந்தை. வர்ஷா, வைஷ்ணவி, வந்தனா என்று பதினெட்டுப் பெயர் எழுதிய தாளை மேஜையில் விரித்து, ஒவ்வொன்றையும் 'வெங்கடேசன்' சேர்த்து வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு தடவையும் 'வெங்கடேசன்' மட்டும் கொஞ்சம் உரக்க வந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பேர் பின்னாடி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் பதினெட்டுப் பெயரையும் மறுபடி மேலிருந்து பார்த்தார். அதுவரை அதை நினைக்கவே இல்லை போலிருக்கிறது. அவர் மனைவிதான் பதில் சொன்னாள்: "நன்னாக் கேட்டேள் போங்கோ, இனிமே மாப்பிள்ளையும் வ-லேயே கிடைக்கணும்னு இன்னிக்கே தேட ஆரம்பிச்சுடுவர்!"

திரும்பாத பையன்

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து செல்லத்துரை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தது மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெயர் சேர்க்க. அத்தனை மலை வளைவு இறங்கி வந்ததில் அவருக்கே தலை சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிற பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது என்று அவசரம் வேறு. 'செழியன் செல்லத்துரை' என்று தயாராக எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

பெயர் என்றால் கூப்பிட வாகாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. "ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். வாசலில் நின்ற பையனைப் பார்த்து "செழியா!" என்றார். அவன் திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் திரும்பவில்லை. வீட்டில் கூப்பிடுகிறபடி "குட்டா!" என்றதும் அவன் திரும்பினான், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு குட்டா இருப்பதால் ரோட்டில் போன இரண்டு ஆண்களும் திரும்பினார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பையனின் அம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னாள்: "அந்தப் பேரு சர்க்காருக்குத்தானே அக்கா, இவனுக்கு எதுக்கு?"

இரும்பில் ஒரு ஜெ

பாறசாலைப் பக்கம் இரும்புக் கடை வைத்திருக்கிற ஜெபராஜ் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கூட அவருடைய அக்கா ஜெஸிந்தா, மனைவி மெர்லின், மெர்லின் மடியில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஞானஸ்நானம். மூத்த பையன் ஜெரினுக்குச் சர்ச் புத்தகத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாகி, ஸ்கூலில் சேர்க்க அலையாத அலைச்சல் அலைந்திருக்கிறார்கள். இந்தத் தடவை முதலில் சான்றிதழ், அதே பெயர் சர்ச்சிலும் என்று தீர்மானம்.

ஜெஸிந்தா டீச்சராம். நோட்டு முழுக்க ஜெ பெயர்கள், நடுவில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மையில் டிக். "ஜெனிஷா ஜெபராஜ்! எப்படி உண்டு மேடம்?" என்றார். மெர்லின் குழந்தையின் துண்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். என் வழக்கமான 'ஏன்'-ஐக் கேட்டேன். ஜெஸிந்தாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "எங்க வீட்டு கேட்டுலயே ஜெ-ன்னு இரும்புல வெல்டு பண்ணி வச்சிருக்கு, பின்னே வேற எழுத்துல எப்படி மேடம் பேரு வைப்போம்?"

வராத ஓடிபி

ஜெனிஷா என்று அடித்தேன். இனி ஓடிபி வர வேண்டும். பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பருக்குத்தான் அது போகும். அது மெர்லினுடைய நம்பர். அந்த ஆறு இலக்கத்தை அவள் வாயால் சொன்னால்தான் பெயர் ஏறும்.

"வந்துதா?" என்றார் ஜெபராஜ். "இல்லே" என்றாள். மறுபடி அனுப்பினேன். "இல்லே." மூன்றாம் தடவை துண்டுக்கு அடியில் அவள் கையிலிருந்த போன் பளிச்சென்று எரிந்ததை என் நாற்காலியிலிருந்தே பார்த்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். காரணம் தெரியவில்லை, ஆனால் அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "சர்வர் சரியில்லை, சனிக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டேன். சர்வர் நன்றாக இருக்கும்போது நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன் கனம் உங்களுக்குத்தான் தெரியும். ஜெபராஜ் எழுந்துகொண்டே சொன்னார்: "என் போன்ல எப்பவும் ஃபுல் ரேஞ்சு உண்டு மேடம், இவளுக்கு மட்டும் ஒண்ணும் கிட்டாது!"

தனியாக வந்தவள்

வியாழக்கிழமை மெர்லின் குழந்தையோடு தனியாக வந்து நின்றாள். சுற்றி வளைக்காமல், ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"அவரு நல்லவருதான் சேச்சி" என்று, அக்காவைக் கூப்பிடுகிற மாதிரிதான் தொடங்கினாள். "காருக்குப் பின்னாடி 'ஜெ குடும்பம்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. நானும் அந்தக் காருலதான் போறேன். ஏழு வருஷமா அந்த வீட்டுல மெ நான் ஒருத்திதான். இவ பிறந்தப்போ மெர்சின்னு வைக்கணும்னு நினைச்சேன். எனக்கு ஒரு துணை வேணும், அவ்வளவுதான்." இத்தனை பேரை ஏன் ஏன் என்று கேட்டிருக்கிறேன். ஒட்டாத எழுத்துக்காரியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன் அவள் கையில் இருந்தது. நானும் அவளும் நினைத்தால் இரண்டு நிமிஷ வேலை. என் விரலும் துறுதுறுத்தது. ஆனால் விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்தும் வேண்டும். அதைவிட, திருட்டுத்தனமாக ஏற்றிய பெயரோடு அவள் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். "நீயே வீட்டில் சொல்" என்றேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "நம்பரைச் சொல்லாம இருக்கத்தான் எனக்குத் தெரியும் சேச்சி, இதைச் சொல்லத் தெரியலே."

சனிக்கிழமை

மூன்று பேரும் குழந்தையோடு வந்தார்கள். விடிந்தால் ஞானஸ்நானம். எனக்குச் சொல்ல இனி ஒரு பொய்யும் மிச்சமில்லை. ஜெனிஷா என்று அடித்து ஓடிபி அனுப்பினேன். இந்தத் தடவை மெர்லின் போனை மேஜை மேல் வெளிப்படையாக வைத்திருந்தாள். அது எரிந்தது. ஜெபராஜும் பார்த்தார், ஜெஸிந்தாவும் பார்த்தார்.

"நம்பர் சொல்லுங்க" என்றேன்.

"மெர்சி" என்றாள்.

ஜெஸிந்தா நோட்டைப் புரட்டினார், அதில் இருந்தால்தானே. "அதுல ஜெ எங்கே?" என்றார். "வீட்டுல உங்களுக்கெல்லாம் ஜெ இருக்கு அண்ணி. எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள் மெர்லின். ஜெபராஜ் போனை எடுத்து மெசேஜை மேலே தள்ளினார். செவ்வாய்க்கிழமை வந்த மூன்று ஓடிபியும் வரிசையாக இருந்தன. அவருக்குக் கோபம் வரும் என்று நான் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. முகம்தான் சுருங்கிப்போயிற்று. குழந்தையின் துண்டைச் சரி செய்துவிட்டு, "மேடம், அதை அழிச்சிட்டு மெர்சின்னு அடிங்க" என்றார்.

அடித்தேன். அப்புறம்தான் அவர் மனைவி பக்கம் திரும்பி, மெதுவாக, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மெர்லின்?" என்றார். அவள் போனைத் திரும்ப வாங்கி, ஓடிபியைச் சொல்வதற்கு முன்னால் சொன்னாள்: "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அன்றிலிருந்து யார் என்ன பட்டியலோடு வந்தாலும், போன் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் பெயர் கேட்கிறேன்.