வேப்பிலை கட்டிய ஜீப்

மறியல் நடந்த அந்த வருஷம் நான் வெள்ளிமலை சுகாதார நிலையத்தில் நர்ஸ். கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, டாக்டர் உட்கார நாற்காலிகூட இருந்தது. டாக்டர்தான் இல்லை. வருகிறவர்களெல்லாம் மலையேறி வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, மாற்றல் வாங்க அலையக் கிளம்பிவிடுவார்கள். அவர்களைத் திட்டித் திட்டியே எனக்கு வாய் நீண்டுபோனது.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சில வாரம் தங்கினார். வைத்தியம் பார்க்க அல்ல. மலை ஜனங்களுக்கு வைத்தியம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க. சேரவில்லை என்று நானே ஒரு வரியில் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாமைச் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவார். குழம்பு முழங்கை வரைக்கும் ஒழுகும், கவலையே படமாட்டார்.

சாயங்காலங்களில் அவர் ஊர்க் கதை நடக்கும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதியைப் புரிந்துகொண்டு, மீதியை நானே இட்டுக்கட்டி, எங்கள் ஜீப் டிரைவருக்குத் தமிழில் சொல்வேன். அங்கே எல்லாருக்கும் ஒரு அட்டை உண்டு, வைத்தியச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். எட்டாத தூரத்துப் பண்ணைகளுக்கு டாக்டர் விமானத்தில் வருவார் என்றேன்.

"ஏரோப்ளேனா? நம்ம ஜீப்புக்கு டீசல் கேட்டே கீழ எழுதிப் போட்டுக்கினு கெடக்கறோம்" என்றார் டிரைவர்.

நான் சிரித்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அதெல்லாம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து, உள்ளே நடத்துகிற விதத்துக்குப் பயந்து திரும்பிவிடுவார்களாம். கடைசியில் அவர்களே கமிட்டி போட்டு, தங்கள் ஆட்களையே வேலைக்கு வைத்து, தங்களுக்கென்று வைத்தியசாலை நடத்த ஆரம்பித்தார்களாம். "எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. பயமுறுத்தக்கூட உள்ளே ஆள் கிடையாது" என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

ஒருநாள் உச்சிவெயிலில், மூங்கில் கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்திருந்தது, குழந்தை குறுக்கே கிடந்தது. டாக்டரம்மாவும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குக் கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும். கீழேயோ இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள் என்று சேதி. போகாமல் இருந்தால் இரண்டு உயிர். ஜீப்பில் ஏற்றினோம். தூளிக் கழியையும் உள்ளே போட்டுக்கொண்டு அவள் புருஷனும் ஏறினான், டாக்டரம்மாவும் கூட வந்தார்.

மலை இறங்கியதும் டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டு என்னவோ செய்தார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததால் கவனிக்கவில்லை. "நர்சம்மா, புள்ள அசையுதுங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். அசையுது, அசையுது என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

வடக்கனந்தலைத் தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு மரம், அதற்கப்பால் இன்னும் சில. அரிவாளும் ரம்பமுமாக நின்ற ஆட்கள் ஜீப்பைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கிக் கும்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டு, வரப்பு மேல் ஏறித் தூரமாகப் போய் நின்றுகொண்டார்கள். இறங்கிப் பார்க்கிறேன், ஜீப்பின் முன்னாலும் பக்கத்திலும் கொத்துக் கொத்தாக வேப்பிலை.

"அரசாங்க வண்டின்னா கல்லு உழும் நர்சம்மா. அம்மை போட்ட வண்டின்னா எவன் கிட்ட வருவான்?" என்றார் டிரைவர், பெருமையாக.

ஆட்கள் விலகிவிட்டார்கள். மரம் விலகவில்லை. அந்தக் கோடியில் ஒரு டிராக்டர் நின்றது. அதுவரைக்கும் தூளியைத் தூக்கி மரத்துக்கு மரம் தாண்ட எங்கள் நாலு பேரால் முடியாது. தூக்கக்கூடிய அத்தனை பேரையும் வரப்புக்கு ஏற்றிவிட்டிருந்தார் இந்த மகாபுத்திசாலி. அந்த நேரத்தில் அவரை அங்கேயே புதைத்திருப்பேன். ஏன் எல்லாரும் ஓடுகிறார்கள் என்று டாக்டரம்மா வேறு கேட்டார். வேப்பிலையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன்.

"அம்மை இல்லீங்க, பிரசவம். கொழந்த குறுக்க கெடக்குது. வந்து தூக்குங்க" என்று கத்தினேன்.

வரப்பிலிருந்து ஒரு நடுவயசுக்காரர் இறங்கி வந்தார், கோபமாக. "ஆத்தா பேரச் சொல்லியா ஏமாத்துவீங்க?"

"ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க கழியப் புடிங்க."

அவர் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதோ. துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு, "டேய், வாங்கடா" என்றார். முன்னால் புருஷன், பின்னால் அவர், பக்கத்தில் அவருடைய ஆட்கள். தாங்கள் வெட்டிய மரங்களின் மேல் தாங்களே ஏறி, கிளையில் சிராய்த்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே போனார்கள். கோடியிலிருந்த டிராக்டர் அவருடையதுதான். அவரே ஓட்டினார்.

பொழுது சாய்வதற்குள் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். டாக்டரம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே அவரும் அழுதார்.

டிராக்டர்காரர் வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு, அந்தப் புருஷனிடம், "ஏம்பா, மேல டாக்டரு இல்லியா?" என்றார்.

"இல்லீங்க."

"நாங்க இன்னாத்துக்கு மரத்த வெட்டறோம்ன்ற? எங்க புள்ளைங்களும் டாக்டருக்குப் படிக்கணும்னுதான்."

அவன் குழந்தையைப் பார்த்தான். பிறகு, குத்திக்காட்ட அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பி, மரியாதையாகக் கேட்டான்: "படிச்சுட்டு, மேல வருவாங்களாங்க?"

அவன் என்ன கேட்டான் என்று டாக்டரம்மா என்னிடம் கேட்டார். இந்தத் தடவை எதையும் சேர்க்காமல் சொன்னேன். தங்கள் ஊரிலும் ஜனங்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார்.