கடைசிப் பாட்டு குச்சவெளி பஸ்ஸில்

அந்த இங்கிலிசுப் படத்தை எடுத்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. சினிமா வாய் திறந்து பேசத் தொடங்கிய புதிதில், நூறு வருடம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று யோசித்து, யோசித்ததையெல்லாம் பாட்டாகவும் போட்டு எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன நூறு வருடம் கிட்டத்தட்ட இப்போதுதான். அப்படியென்றால் அந்தக் கறுப்பு வெள்ளையில் ஆடிப் பாடுகிற சனம் நாங்கள்தான். இது விளங்கிய நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு மாதமாக, துறைமுக வீதியில் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கணினியின் முன்னால் குந்தி, ஒவ்வொரு வசனத்துக்கும் பாட்டுக்கும் தமிழ் எழுதிப் படத்தின் அடியில் ஒட்டினேன்.

படத்தில் தெருக்களெல்லாம் ஆகாயத்தில். பொத்தானை அமுக்கினால் மழை. முகம் தெரிகிற தொலைபேசியும் இருக்கிறது, ஆனால் அலுமாரி அளவு. சமைக்கிற குசினி மட்டும் இல்லை. சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லோரும் ஒரு குழாயில் மூக்கை வைத்து உறிஞ்சுவார்கள், ஏப்பம் விடுவார்கள், உடனே பாடுவார்கள். ஆகாயக் கப்பலில் போன நாயகன் தொலைந்துபோய், ஒரு வருடம் கழித்துத் திரும்பிவருவதுதான் கதை.

அவன் வந்து நிற்கும்போது நாயகி பாடுகிற கடைசிப் பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நிலவையும் நட்சத்திரத்தையும் சாட்சிக்கு இழுத்து அவள் பாடுகிற ஓர் அடி திரும்பத் திரும்ப வரும். எப்படி எழுதினாலும் கலியாணக் கார்ட் வாசகம் மாதிரியே இருந்தது. மூன்று கிழமை எழுதி எழுதி அழித்தேன்.

பிறகு ஒரு நாள் என் கதையே நினைவுக்கு வந்தது. வளைகுடா நாட்டில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டுக் குச்சவெளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியோடு வாசலில் நின்றேன். அம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுவார் என்று வழி முழுக்க எதிர்பார்த்து வந்தவள் நான். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "வந்திட்டியா? கையைக் கழுவிப்போட்டு இரு. சோறு போடுறன்." எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அவர் ஏனென்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வார்த்தைகளைத்தான் நாயகியின் வாயில் போட்டேன். குசினியே இல்லாத ஊரில் சோறு எங்கே என்று கேட்பார்கள், கேட்கட்டும். அன்றைக்கு நீங்கள் சொன்னது இப்போது விளங்குகிறது அம்மா என்று நேரே சொல்ல எனக்கு வாய் வராது. படத்துக்குள் வைத்தால் சொன்னதாகிவிடும். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் என்பதால் அந்த அடியைத் திரையில் கூடுதல் நேரம் நிற்க வைத்தேன். தோழிகளோடு சேர்ந்து ரவுனில் ஒரு மண்டபம் எடுத்து, படத்தைத் திரையிட ஏற்பாடு செய்தேன். கெஞ்சிக் கூத்தாடி அவரை அங்கே வரப்பண்ணினேன்.

நான் மறந்துபோனது எங்கள் ஆட்களை. மூன்று மணிக்குப் படம் என்று போட்டிருந்தோம். மூன்று மணிக்கு மங்கள விளக்கு. பிறகு மௌன இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. சிறப்புரை ஆற்றியவர் படத்தின் முடிவைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். அதன்பிறகு பொன்னாடை. ஒருவருக்குப் போர்த்தினால் மற்றவர் கோபிப்பார் என்று ஏழு பேருக்குப் போர்த்தினார்கள். ஏழாவது ஆள் நான். சால்வைக்குள் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். படம் தொடங்க நாலே கால்.

தொடங்கியதும் எல்லாக் கோபமும் போய்விட்டது. அலுமாரித் தொலைபேசியில் நாயகியின் நெற்றி மட்டும் தெரிந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் கனடாவில் இருக்கிற சொந்தங்களோடு வீடியோவில் கதைக்கிற பழக்கத்தில், "பிள்ளை, கமராவைக் கொஞ்சம் கீழ பிடியுங்கோ" என்றார். சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் குழாயில் மூக்கை வைத்தபோது அம்மா என் காதுக்குள், "அப்ப வயித்துக்கு என்ன செய்யினம்?" என்று கேட்டார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு அம்மா பையை எடுத்தார். குச்சவெளிக்குக் கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு.

"இன்னும் கொஞ்சம்தான் அம்மா. கடைசிப் பாட்டு இருக்கு."

"பஸ்ஸை விட ஏலாது, பிள்ளை. கோழி அடைக்கோணும்."

கோழியிடம் தோற்றுவிட்டேன். படத்தை ஓட்டிக்கொண்டிருந்த தோழியிடம் கையைக் காட்டிவிட்டு நானும் எழும்பி நடந்தேன். பஸ் நிலையத்தில் வழக்கம்போல மான்கள் வழியை மறித்து வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. அவற்றை விலக்கிக்கொண்டு ஏறி அம்மாவை இருத்திவிட்டு நிமிர்ந்தேன். சாரதியின் தலைக்கு மேலே தொலைக்காட்சியில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். என் கைப்பைக்குள் படத்தின் பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது.

கொண்டக்டரிடம் நீட்டினேன். அவர் அசையவில்லை.

"இங்கிலிசுப் படம் போட்டால் சனம் ஏசும், அக்கா."

"இது பாட்டுப் படம் அண்ணை."

"பாட்டோ? அப்ப தாங்கோ."

பஸ் புறப்பட்டது. படம் முதலிலிருந்து ஓடியது. கடைசிப் பாட்டுக்கு ஓட்டச் சொன்னேன், கொண்டக்டர் ரிமோட்டை அமுக்கிப் பிடித்தார். உப்புவெளி தாண்டியும் நூறு வருட எதிர்காலம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. கப்பல்கள் பறந்தன, மழை நின்று நின்று பெய்தது, சனம் உறிஞ்சியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கைத்தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நிலாவெளியில் ஏறிய ஒரு அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "என்ன படம் இது?" என்றார். "இனி வரப்போற காலமாம். குசினி இல்லை" என்று அம்மா விளக்கம் கொடுத்தார்.

"நிப்பாட்டுங்கோ, அண்ணை" என்றேன். அவர் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தார். நாயகன் வாசலில் நின்றான். நாயகி வாயைத் திறந்தாள். பஸ் இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறிக் குலுங்கியது.

நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்ல அசைந்தது. "வந்... வந்திட்டியா... கையைக்..." முதல் தடவை முடிக்குமுன் எழுத்து மறைந்துவிட்டது. நாயகி திரும்பவும் பாடினாள். இந்த முறை அம்மா கடைசிச் சொல் வரை போனார்.

பக்கத்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "குசினி இல்லையெண்டீங்கள். இவள் எங்கால சோறு போடப்போறாள்?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அது அவள் சொன்னதில்லை. நான் சொன்னது. இவள் வந்த அண்டைக்கு."