பழைய ஊசி இல்லாமல் வந்தவர்

கடைக்கு வருகிறவர்கள், வயதில் மூத்தவர்கள்கூட, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர் சீட்டு இல்லாமல் அவளிடம் ஒரு தூக்க மாத்திரை வாங்கிவிட முடியாது. சொந்த மாமியாருக்கே கையை விரித்தவள் என்று, கூடவே கடையைப் பார்க்கும் தம்பி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

போதை ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டு நோயை வாங்கிக்கொள்கிறார்கள், பழையதை வாங்கி வைத்துப் புதியது கொடுக்க முடியுமா என்று சுகாதார அலுவலகத்திலிருந்து வந்து கேட்டார்கள். அந்தத் தெருவில் சரி என்றது அவள் ஒருத்திதான்.

"காய்ச்சலுக்கு வர்றவங்க இவங்களப் பாத்துட்டு அடுத்த தெருவுக்குப் போறாங்கக்கா. கடை நடத்துறோமா, சத்திரம் நடத்துறோமா?"

"இவங்களுக்கும் காய்ச்சல் வரும்டா. நீ போய் அட்டைப்பெட்டியப் பிரி."

பழைய ஊசிகளுக்கு ஒரு மஞ்சள் டப்பா. வந்தவர்களே அதன் குறுகிய வாயில் போட வேண்டும். அவள் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். விழும் சத்தத்தைக் கேட்பாள். மூன்று சத்தத்துக்கு மூன்று புது ஊசி.

வாரத்துக்கு இரண்டு நாள் பெயிண்டர் வருவார். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும்.

"என்ன, இன்னிக்குப் பெயிண்டு பள்ளிக்கூடத்துலயா?"

"ஆஸ்பத்திரியிலக்கா. இந்தப் பச்சைய வேற யாரு அடிப்பா?"

ஒருநாள் வெறுங்கையோடு வந்தார். வழியில் போலீஸ் சோதனை. பயந்து எல்லாவற்றையும் சாக்கடையில் போட்டுவிட்டாராம்.

"பழசு குடுத்தாத்தான் புதுசு. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளை வரைக்கும் தாங்காதுக்கா."

"சட்டம்னா சட்டம்தான்."

அவர் கெஞ்சவில்லை. கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆளையே காணோம். இரண்டாவது மாதம் மனம் கேட்காமல், அலுவலகம் கொடுத்திருந்த தாளை எடுத்தாள். முதல் நாள் அவளே கையெழுத்துப் போட்ட தாள். 'முடிந்தவரை பழையதைப் பெறவும். இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம்.' இரண்டு முறை படித்தாள். சீட்டு எங்கே, சீட்டு எங்கே என்று கேட்டே பழகிய வாய், ஊசிக்கும் ஒரு சீட்டைக் கேட்டிருக்கிறது.

அந்த வாரமே பெயிண்டர் வந்தார். கண் இரண்டும் மஞ்சள்.

"அன்னிக்கு எங்க போனீங்க?"

"கூட்டாளி போட்ட ஊசிய வாங்கிப் போட்டேன்."

கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அவளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தத்தில் ஈரலைக் கெடுக்கும் கிருமி இருந்தது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் போய்விடும் என்றார் டாக்டர்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "அப்படி ஒரு சட்டமே இல்ல. ஆபீஸ்ல குடுத்த தாள இப்பத்தான் ஒழுங்காப் படிச்சேன். நானா வெச்சுக்கிட்டது. தப்பு என்னோடது."

அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த நிறத்தைச் சுரண்டினார்.

"அந்தத் தாள முன்னாடியே படிச்சிருக்கலாமேக்கா."

குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆமா," என்றாள்.

"மாத்திரை உங்க கடையில கிடைக்குமா?"

"வரவழைக்கிறேன்."

"ஊசிக்கும் வருவேன். அத நான் இன்னும் விடல." முதல் முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வாங்க. கையில ஒண்ணும் இல்லாட்டியும் வாங்க."

அவர் டாக்டர் சீட்டை அவளிடம் கொடுத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் கூடவே எழுந்தாள்.