வெளியே தூக்கி வைத்த நாற்காலி

என்னை உட்காரத் தெரியாதவளாக ஆக்கியது எங்கள் பள்ளித் தாளாளர்தான். பெரம்பலூரில் அவருடைய தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் கணக்கு நடத்தினேன். அங்கே வகுப்பறையில் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடுமாம். ஒவ்வொரு வகுப்பிலும் கேமரா. அவர் தன் அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எங்களைத் திரையில் பார்ப்பார். கால் கடுத்து சுவரில் லேசாகச் சாய்ந்தால் போதும், பள்ளி முழுக்க ஸ்பீக்கர் அலறும்.

"செவன்த் பி கணக்கு டீச்சர், சுவரு விழாது. நீங்க தாங்க வேணாம்."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

பிறகு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் வேலை கிடைத்தது. செந்துறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவளுக்கு நாலு பக்கமும் கடல். குடிக்க மழைத் தண்ணீர், மூன்று வேளையும் மீன். பள்ளிக்கூடம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், வெள்ளிக்கிழமை லீவு. இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது நாற்காலி.

முதல் நாள் வகுப்பில் மேசைக்குப் பின்னால் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று கிடந்தது. மேற்பார்வைக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்து அதைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டுப் பாடம் எடுத்தேன். மறுநாள் அது உள்ளே இருந்தது. திரும்பவும் வெளியே வைத்தேன். கூட்டுகிற அம்மா தினமும் உள்ளே கொண்டுவந்து போட, நான் தினமும் வெளியே தூக்கினேன். அவருக்குத்தான் விதி தெரியவில்லை என்று நினைத்து, உள்ளே வைக்காதீர்கள் என்று கையாலேயே ஜாடை காட்டினேன்.

பத்து நாள் கழித்து, அங்கே அறிவியல் நடத்தும் ஜெயங்கொண்டத்துக்காரர் என்னைப் பிடித்தார்.

"என்னா டீச்சர், அந்த நாற்காலி உங்கள கடிச்சிதா? கூட்டுற அம்மா ஹெட்மாஸ்டர்கிட்ட போயி, புது டீச்சருக்கு அது புடிக்கல, வேற குடுங்கன்னு சொல்லியிருக்கு."

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்களுக்குன்னு நெனச்சேன் சார்."

கேலி செய்ய வந்தவர் சிரிக்கவில்லை.

"ஊர்ல பிரைவேட் ஸ்கூலா?"

"ஆமா சார்."

"நானும் இங்க வந்து ரெண்டு மாசம் நின்னேன். அது உங்களுக்குத்தான். உக்காருங்க."

மறுநாள் உட்கார்ந்தேன். நாலு நிமிடம்கூட முடியவில்லை. கண் தானாகக் கூரை மூலைக்குப் போனது. அங்கே கேமரா இல்லை, பல்லி இருந்தது. "மேலே என்ன மிஸ் தேடுறீங்க?" என்று முன்வரிசைப் பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த ஊரில் எல்லோரும் உட்காருகிறார்கள். சாயங்காலமானால் கடற்கரையில் இரும்புச் சட்டத்தில் கயிறு வலை பின்னிய இருக்கைகளில் சாய்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நானும் மெல்லப் பழகினேன். உட்கார்ந்தபடி பின்னம் நடத்தினேன், பிள்ளைகளுக்குப் புரிந்தது. தேவைப்பட்டபோது எழுந்து போர்டுக்குப் போனேன். அப்போதுதான் யோசித்தேன். ஒன்பது வருடம் நின்றதை என் உழைப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அது உழைப்பு இல்லை, பயம். கெண்டைக்காலில் பச்சையாக முடிச்சு முடிச்சாக நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

ஒரு சாயங்காலம் அந்த வலை இருக்கையில் கிடந்தபோது தங்கை போன் செய்தாள். நான் விட்டுவந்த வேலையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். தாளாளரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டது நானே. அவளுக்கு ஆறாம் மாதம்.

"அக்கா, செருப்பு காலுல நொழைய மாட்டேங்குது. அம்புட்டு வீக்கம்."

"நாற்காலி கேளுடி."

"கேட்டேன். 'உங்க அக்கா ஒம்போது வருசம் நின்னுச்சு, ஒரு நாளு வாய் தொறந்துச்சா'ங்குறாரு."

"டாக்டர் லெட்டர்?"

"அதுவும் குடுத்தேன். முடியலன்னா வூட்லயே இருந்துக்குங்கன்னுட்டாரு."

வேலையை விட அவளால் முடியாது. அவள் வீட்டுக்காரருக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. இன்றைக்கு உண்டு, நாளைக்குத் தெரியாது.

கடைசியில், "நீ ஏன்க்கா வாய் தொறக்கல?" என்று கேட்டாள்.

இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். நான் வாய் மூடி நின்றதைத் தாளாளர் பத்திரமாக எடுத்து வைத்திருந்து என் தங்கை மேல் போடுகிறார். அதற்கு இடம் கொடுத்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தாளாளர் சார், பெற்றோர் கூட்டத்துக்கு லீவு போட்டு வருகிறேன். உங்கள் அறைக்கு வரமாட்டேன், பந்தலில் பெற்றோரோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி எட்டு பீரியடும் ஏன் நிற்க வேண்டும்? எங்களைச் சுவரிலிருந்து விரட்டிய அதே மைக்கில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். நின்றுகொண்டு சொல்லுங்கள்.